ஸ்கிரிப்ட் உங்களுக்கு மட்டும், ஒரு வரி எல்லாருக்கும்

லினக்ஸ் போட்டாச்சு. வைஃபை ஓடுது, சவுண்ட் வருது, பிரைட்னஸ் பட்டன் மட்டும் வேலை செய்யல. உடனே நெட்ல ஒரு ஸ்கிரிப்ட் தேடி எடுத்து, பூட் ஆகும்போது ஓடற மாதிரி வச்சுட்டு மறந்துடறோம். இந்தப் பழக்கம் தப்புங்கறது என் கருத்து.

ஏன்னா இந்தக் கோளாறு பெரும்பாலும் உங்க ஒருத்தரோட லேப்டாப்ல மட்டும் இல்ல, அந்த மாடல் முழுக்க இருக்கும். விண்டோஸுக்குக் கம்பெனியே தனி டிரைவர் கொடுத்துச் சரிக்கட்டிடும். லினக்ஸ்ல அதை யாராவது எழுதி வைக்கணும். எங்க எழுதறது?

ஒரு இடம் கர்னல். ரியல்டெக் சவுண்ட் டிரைவரைத் திறந்து பாருங்க, எந்த மாடலுக்கு என்ன திருத்தம்னு நீளமா ஒரு பட்டியலே இருக்கும். இன்னொரு இடம் யூடெவ்வோட ஹார்ட்வேர் டேட்டாபேஸ். எந்த ஸ்கேன்கோடுக்கு எந்த பட்டன், டேப்லெட்டுல சென்சார் எந்தப் பக்கம் திரும்பியிருக்கு, எல்லாம் சாதாரண டெக்ஸ்ட் ஃபைல்ல இருக்கு. பயாஸ் சொல்ற மாடல் பேரை வச்சு, அந்த லேப்டாப்புக்கு மட்டும் அந்த வரி எடுபடும்.

எல்லாத்தையும் கர்னல்லயே போட்டா என்னன்னு கேக்கலாம். கர்னல் புது வெர்ஷன் வர ஒன்பது பத்து வாரம் ஆகும், அது நம்ம டிஸ்ட்ரோவுக்கு வந்து சேர இன்னும் நாளாகும். ஒரு பட்டனுக்காக அவ்வளவு காத்திருக்க வேண்டாம். டேட்டாபேஸ்னா கம்பைல் பண்ணாமலே நம்ம மெஷின்ல சோதிச்சுப் பாக்கலாம். ஆனா யூடெவ் கிளம்பறதுக்கு முன்னாடியே கீபோர்டு செத்துக் கிடந்தா, பூட்டே ஆகலன்னா, அது கர்னல் வேலைதான். ஸ்கிரிப்ட் உங்க சொந்த ரசனைக்கு மட்டும் போதும்.

தமிழ்நாட்டுல இது சின்ன விஷயம் இல்ல. 2011-ல ஆரம்பிச்ச அரசு இலவச லேப்டாப் திட்டத்துல, விண்டோஸோட பாஸ் லினக்ஸும் சேர்த்தே கொடுத்தாங்க. அது சென்னை சி-டாக் உருவாக்கினது. ஒரே மாதிரி லேப்டாப் ஆயிரக்கணக்குல, லட்சக்கணக்குல வீடுகளுக்குப் போச்சு. அதுல ஒரு பட்டன் வேலை செய்யலன்னா, விளாத்திகுளம் பக்கம் குளத்தூர்ல பிளஸ் டூ படிக்கிற ஒரு பிள்ளை என்ன செய்யும்? இங்கிலீஷ் ஃபோரத்துல ஸ்கிரிப்ட் தேடுமா? கோவில்பட்டிக்கோ தூத்துக்குடிக்கோ பஸ் ஏறினா, கடைக்காரர் லினக்ஸை அழிச்சுட்டு விண்டோஸை மட்டும் விட்டுக் கொடுப்பார். "லினக்ஸ் சரிவராது"ன்னு அந்த வீட்டுல முடிவாயிடும். அதே மாடலுக்கு யாரோ ஒருத்தர் அனுப்பின ஒரு வரி இருந்தா, அடுத்த அப்டேட்லயே தானா சரியாகியிருக்கும்.

அதனால அடுத்த தடவை ஸ்கிரிப்ட் ஒட்டறதுக்கு முன்னாடி ஒண்ணு கேட்டுக்குங்க: இது எனக்கு மட்டுமா, இந்த மாடல் வச்சிருக்கிற எல்லாருக்குமா? எல்லாருக்கும்னா, இவிடெஸ்ட்ல அந்த பட்டனை அமுக்கி ஸ்கேன்கோடைக் குறிச்சு, மாடல் பேரோட சேர்த்து அனுப்புங்க. ஒரு சாயங்கால வேலை. மினி ப்ராஜெக்ட்டுக்கு நாம செலவழிக்கிற நேரத்துல பத்துல ஒரு பங்கு கூட ஆகாது.