மீன் கூட்டும் மிதவைக்கு முன்னால் ஊர் கூட வேண்டும்

இந்தப் பகுதியில் வழக்கமாக நெல்லையும் நிலக்கடலையையும் பற்றி எழுதுகிறோம். இந்த வாரம் கடலுக்குப் போவோம். கும்மிடிப்பூண்டி, பொன்னேரி வட்டாரங்களில் வரப்புக்கும் கடற்கரைக்கும் வெகு தூரமில்லை. ஆரணியாற்று நீர் நம் வயல்களைக் கடந்துதான் பழவேற்காடு ஏரியில் கலக்கிறது. கரையோர மணலில் நாம் வளர்க்கும் சவுக்கும் தென்னையும் மீனவருக்கும் பயன்படுகின்றன. ஒரே ஊராட்சியில் உழவரும் மீனவரும் அடுத்தடுத்து உட்காருகிறோம். ஆகவே இது நமக்குச் சம்பந்தமில்லாத விஷயம் என்று உழவர் பெருமக்கள் பக்கத்தைப் புரட்டிவிட வேண்டாம்.

நான் கிராமக் கூட்டங்களுக்குப் போகும்போது மீனவ இளைஞர்கள் அடிக்கடி கேட்கும் கேள்வி ஒன்று உண்டு. "சார், கடலில் மிதவை கட்டினால் மீன் தானாக வந்து கூடுமாமே, எங்கள் ஊருக்கும் ஒன்று கிடைக்குமா?" என்பார்கள். கூடும் என்பது உண்மைதான். ஆனால் மிதவையைக் கட்டும் முன் செய்ய வேண்டிய வேலை ஒன்று கரையிலேயே இருக்கிறது. அதைச் செய்யாமல் மிதவையை இறக்கினால் மீனோடு சண்டையும் வந்து கூடும் என்பது என் அனுபவம்.

மீன் ஏன் கூடுகிறது?

கடலில் ஒரு மரக்கட்டை மிதந்தால் அதன் அடியில் மீன் நிற்கும் என்பது நம் மீனவர்களுக்குத் தலைமுறையாகத் தெரியும். மிதவையும் அதே சூத்திரம்தான். நீரில் தொங்கும் ஓலையிலும் கயிற்றிலும் பாசி பிடிக்கிறது. சிறு மீன்கள் நிழலுக்கும் பாதுகாப்புக்கும் வருகின்றன. அவற்றைத் தேடிப் பாறை, சூரை, வஞ்சிரம், கடல் விரால் போன்ற பெரிய மீன்கள் வருகின்றன. பிலிப்பைன்ஸ் நாட்டில் மூங்கில் தெப்பத்தை நங்கூரமிட்டுப் 'பாயாவ்' என்ற பெயரில் வெகு காலமாகப் பயன்படுத்துகிறார்கள். மாலத்தீவில் 1980களிலிருந்து அரசே மிதவைகளை இறக்கிச் சூரை மீனவர்களுக்கு உதவி வருகிறது.

இதில் கவனிக்க வேண்டியது ஒன்று. மிதவை மீனைக் கூட்டுகிறதே தவிர, உண்டாக்குவதில்லை. பரந்த கடலில் சிதறிக் கிடக்கும் மீனை ஓரிடத்தில் நிறுத்தி வைக்கிறது, அவ்வளவுதான். களத்தில் நெல்லைக் குவித்தால் விளைச்சல் கூடிவிடாது, அள்ளுவது சுலபமாகும். அள்ளுகிற கை அதிகமானால் விதை நெல்லும் போய்விடும்.

நம் கரையின் நெருக்கடி

இருந்தும் நம் மீனவர்கள் மிதவையைக் கேட்பதில் நியாயம் இருக்கிறது. எண்ணூரில் 2001இல் துறைமுகம் செயல்படத் தொடங்கியது. அதை அடுத்துக் காட்டுப்பள்ளியிலும் துறைமுகம் வந்தது. அனல் மின் நிலையங்களும் தொழிற்சாலைகளும் கரையை நெருக்குகின்றன. 2017 ஜனவரி 28 அன்று எண்ணூர் அருகே இரண்டு கப்பல்கள் மோதி எண்ணெய் கொட்டியது. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு எண்ணூர் முகத்துவாரத்தில் மீண்டும் எண்ணெய் படர்ந்தது. ஸ்ரீஹரிகோட்டாவில் ராக்கெட் ஏவும் நாட்களில் பழவேற்காட்டுப் படகுகள் கடலுக்குப் போக முடிவதில்லை. முகத்துவாரம் மணலால் தூர்ந்துவிட்டால் படகு வெளியேறுவதே பெரும்பாடு.

கரையோரத்தில் மீன் குறையக் குறைய, பைபர் படகுக்காரர் மேலும் தூரம் போகிறார். போய்த் தேடுவதற்கே எரிபொருள் தீர்ந்துவிடுகிறது. மீன் எங்கே நிற்கும் என்று முன்கூட்டியே தெரிந்தால், தேடும் செலவு மிச்சம். சிறு படகுக்காரருக்கு மிதவையால் கிடைக்கும் முதல் இலாபம் இதுதான்.

எங்கள் தவறு

சில ஆண்டுகளுக்கு முன் கடற்கரைக் கிராமம் ஒன்றில் செயல்விளக்கமாக மிதவை இறக்கினோம். ஆழம் பார்த்தோம், கயிறு பார்த்தோம், கல் பார்த்தோம். ஒரு குப்பத்து இளைஞர்களைக் கூட்டி மீன்பிடிக்கும் முறையைச் சொல்லிக் கொடுத்தோம். முதல் சில வாரங்கள் நல்ல பாடு. செய்தி பரவியது. அடுத்த குப்பத்துப் படகுகள் வந்தன. அவர்கள் வலை விட்டார்கள். வலை மிதவைக் கயிற்றில் சிக்கிக் கிழிந்தது. வாக்குவாதம் வளர்ந்தது. ஒருநாள் காலையில் போய்ப் பார்த்தால் மிதவையைக் காணோம். கயிறு அறுக்கப்பட்டிருந்தது.

அறிக்கையில் 'கயிற்றின் பருமன் போதவில்லை' என்று எழுதினோம். எழுதியவன் நான்தான். பிறகு அந்த ஊர்ப் பெரியவர் ஒருவர் என்னிடம் சொன்னார்: "கயிறு நல்ல கயிறுதான் ஐயா. கல்லும் நல்ல கல்லுதான். எங்க ரெண்டு ஊரையும் ஒண்ணா ஒக்கார வச்சுப் பேசுனீங்களா?" பேசவில்லை. மிதவை யாருக்குச் சொந்தம், எந்த வலைக்கு இடம், எந்த வலைக்கு இடமில்லை என்பதைக் கரையில் முடிவு செய்யாமல் கடலில் விட்டோம். அந்தப் பிழையை இன்னொரு ஊர் செய்யக் கூடாது என்பதற்காகவே இதை எழுதுகிறேன்.

பாடு முறை இருக்க வெளியே ஏன் தேட வேண்டும்?

இதற்கு வழி வெளிநாட்டுப் புத்தகத்தில் இல்லை. பழவேற்காட்டிலேயே இருக்கிறது. ஏரியில் இறால் பிடிக்க நல்ல இடங்கள் சில, ஆட்கள் பலர். கோட்டைக்குப்பம், நடூர் மாதாகுப்பம், ஆண்டிக்குப்பம் ஆகிய ஊர்களின் மீனவர்கள் பாடு முறையில் அந்த இடங்களை முறை வைத்துப் பங்கிட்டு வந்திருக்கிறார்கள். யார், எந்த நாளில், எந்த இடத்தில் வலை கட்டுவது என்பதை ஊர் கூடி முடிவு செய்யும். இன்று நல்ல இடம் கிடைத்தவருக்கு நாளை வேறு இடம். மீறியவருக்கு ஊர் தண்டம் விதிக்கும்.

உழவர்களுக்கு இது புதிதல்ல. ஏரிப் பாசனத்தில் நீர்க்கட்டி முறை வைத்து மடை திறப்பதும் இதே நியாயம்தான். தண்ணீர் குறைவாக இருக்கும்போதுதான் முறைப்பாசனத்தின் அருமை தெரியும்.

பாடு முறையில் குறையே இல்லை என்று சொல்ல மாட்டேன். அதில் இடம் பெறாத மக்கள் உண்டு. அதனால் பூசல்களும் உண்டு. மிதவைக்கு ஏற்பாடு செய்யும்போது அந்தக் குறையைக் களைந்து, அந்தக் கடல் பகுதியில் தொழில் செய்யும் எல்லாச் சிறு படகுக்காரரையும் சேர்க்க வேண்டும். அக்கம்பக்கத்துக் குப்பங்களை விட்டுவிட்டு ஒரே ஊர் மிதவை இறக்குவதை நான் ஆதரிக்க மாட்டேன்.

மிதவை கட்டும் முறை

1. இடம்: கப்பல் பாதையிலும் துறைமுக நுழைவு வழியிலும் கூடாது. மற்றவர் வலை இழுக்கும் பாட்டிலும் கூடாது. மீன்வளத் துறைக்கும் கடலோரக் காவல் படைக்கும் துறைமுகத்துக்கும் முன்கூட்டியே தெரிவித்து அனுமதி பெற வேண்டும்.

2. கயிறு: ஆழத்தைவிடக் கால் பங்காவது நீளம் கூடுதலாக இருக்க வேண்டும். 20 பாகம் ஆழத்துக்கு 25 பாகத்துக்குக் குறையக் கூடாது. மேல் பகுதிக்கு நீரில் அமிழும் நைலான் கயிறு ஏற்றது. மிதக்கும் கயிறானால் படகின் விசிறியில் சுற்றிக்கொள்ளும். அடிப்பகுதியில் நங்கூரத்தை ஒட்டிச் சங்கிலி போட்டால் தரையில் உரசி அறுவது குறையும்.

3. மீனை ஈர்க்கும் பகுதி: தென்னை ஓலை, பனை ஓலை, சவுக்குக் கிளை ஆகியவை போதும். இவை மக்கிப் போகும். அவ்வப்போது மாற்றிக் கட்டலாம். பழைய வலையைக் கட்டித் தொங்கவிடக் கூடாது. நம் கரைக்கு முட்டையிட வரும் பங்குனி ஆமைகள் அதில் சிக்கி மடியும்.

4. அடையாளம்: கொடியும் இரவில் தெரியும் விளக்கும் கட்டாயம். வாடைக்காற்றும் புயலும் வரும் காலத்துக்கு முன் மிதவையைக் கழற்றிக் கரைக்குக் கொண்டுவருவது நல்லது.

மீன்பிடிக்கும் முறை

மிதவை இறக்கிய மறுநாளே மீனை எதிர்பார்க்கக் கூடாது. பாசி பிடித்துச் சிறு மீன் சேரச் சில வாரங்கள் ஆகும். பெரிய மீன்கள் பெரும்பாலும் நீரோட்டம் வரும் திசையில், மிதவைக்கு முன்புறமாக நிற்கும். அந்தப் பக்கம் தூண்டில் விடுவது பலன் தரும். விடியலும் மாலையும் நல்ல நேரம். படகை மெதுவாக ஓட்டி, மிதவையைச் சுற்றி இழுதூண்டில் போடலாம். ஆழத்தில் நிற்கும் மீனுக்குக் கைத்தூண்டிலில் பல முட்களைப் பல ஆழங்களில் கட்டி விடலாம். படகை மிதவையில் கட்டவே கூடாது, நங்கூரம் பெயர்ந்துவிடும்.

தூண்டில் மட்டுமே என்பது என் உறுதியான கருத்து. மிதவையைச் சுற்றி வலை விட்டால் பெரியதும் சிறியதும் ஒன்றாக ஏறும். தூண்டிலில் முள்ளின் அளவை வைத்துச் சிறு மீனைத் தவிர்க்கலாம். தப்பி வந்ததை உயிரோடு திரும்ப விடலாம். தூண்டிலில் பிடித்து உடனே பனிக்கட்டியில் வைத்த வஞ்சிரம் அடிபடாமல் இருப்பதால் நல்ல விலையும் கிடைக்கும்.

கணவாய் விஷயத்தில் இன்னும் எச்சரிக்கை தேவை. கர்நாடகக் கடலில் தென்னம்பாளைகளைக் கட்டி இறக்கிக் கணவாய் பிடித்தார்கள். அந்தத் தொழிலில் நம் குமரி மாவட்ட மீனவர்களும் இருந்தார்கள். அங்கே வந்து கூடியவை முட்டையிட வந்த தாய்க் கணவாய்கள் என்று மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிலையத்தின் விஞ்ஞானிகள் கண்டார்கள். உள்ளூர் இழுவைப் படகுக்காரர்களோடு தகராறும் மூண்டது. சினை மாட்டை அடிமாட்டுக்கு விற்கும் உழவன் உண்டா?

பெரிய மீன்பிடிப்பின் பாடம்

பிலிப்பைன்ஸில் பாயாவைச் சுற்றி முதலில் சிறு படகுகள் தூண்டில் போட்டன. பின்னர் பெரிய சுருக்குமடிக் கப்பல்கள் வந்து குஞ்சுச் சூரையையும் சேர்த்து வாரின. இந்துமாக் கடலில் பெருங்கப்பல்கள் செயற்கைக்கோள் கருவி பொருத்திய மிதவைகளை மிதக்கவிட்டு மீனைப் பின்தொடர்கின்றன. இதைக் கட்டுப்படுத்த இந்துமாக் கடல் சூரை ஆணையம் 2015இல் கப்பலுக்கு 550 மிதவை என்று வரம்பு வைத்தது. 2019இல் எடுத்த முடிவில் அதை 300 ஆகக் குறைத்தது. ஒரு கப்பலுக்கே நூற்றுக்கணக்கில்! சிறு படகுக்காரரின் கருவி பெரிய முதலாளி கைக்குப் போனால் என்ன ஆகும் என்பதற்கு இது போதும்.

நம்மிடமும் அந்த ஆபத்து இருக்கிறது. தமிழ்நாட்டில் சுருக்குமடி வலைக்கு 2000ஆம் ஆண்டில் தடை வந்தது. 2023 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் இடைக்கால உத்தரவாக, 12 கடல் மைலுக்கு அப்பால் வாரத்தில் 2 நாட்கள் நிபந்தனைகளோடு அனுமதித்தது. ஆகவே வெகு தொலைவில் மிதவை கட்டினால், நம் சிறு படகு போய்ச் சேரும் முன் சுருக்குமடி அதைச் சுற்றிவிடலாம். கரைக்காவலுக்கு எட்டும் தூரத்தில் இருப்பதே நல்லது.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். வங்கக் கடலில் காற்றையும் அலையையும் அளக்க, சென்னையில் உள்ள தேசிய கடல் தொழில்நுட்பக் கழகம் மிதவைகளை நிறுத்தியிருக்கிறது. அவற்றைச் சுற்றியும் மீன் கூடுகிறது என்று சிலர் அங்கே போய்ப் படகைக் கட்டுகிறார்கள், கருவிகள் சேதமாகின்றன. புயல் எச்சரிக்கைக்கு உதவும் கருவி அது. அதை உடைத்தால் நம் உயிருக்கே ஆபத்து.

ஊர் கேட்டுக்கொள்ள வேண்டிய ஐந்து கேள்விகள்

மிதவை வேண்டும் என்று மனு எழுதும் முன், சுற்றுக் குப்பங்களின் பெரியவர்களும் இளைஞர்களும் மீன் விற்கும் பெண்களும் கூடி, கீழ்க்கண்டவற்றுக்கு விடை எழுதிக் கையெழுத்திட வேண்டும்.

மிதவைக்கு உரிமை எந்தெந்த ஊருக்கு? ஒரு நாளில் எத்தனை படகு, யார் முறை? எந்தக் கருவிக்கு அனுமதி? ஓலை மாற்றவும் கயிறு பார்க்கவும் செலவு யாருடையது? மீறினால் என்ன தண்டம்?

இந்த ஐந்துக்கும் விடை கிடைக்கவில்லை என்றால், இந்த ஆண்டு மிதவை வேண்டாம். பணம் மிச்சம், பகையும் மிச்சம். விடை கிடைத்தால், முதலில் ஒன்றே ஒன்று இறக்குங்கள். ஒவ்வொரு நடைக்கும் எவ்வளவு எரிபொருள், எத்தனை மணி நேரம், எத்தனை கிலோ என்று ஒரு நோட்டில் குறியுங்கள். மிதவைக்குப் போகாத நடைகளையும் அதேபோல் குறியுங்கள். 3 மாதம் கழித்து இரண்டையும் ஒப்பிட்டால் இலாபமா நஷ்டமா என்பதை எந்த விஞ்ஞானியும் வந்து சொல்ல வேண்டியதில்லை. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை விசைப்படகுகளுக்குத் தடைக்காலம்; அந்த நாட்களில் சிறு படகுகளும் மிதவைக்கு ஓய்வு கொடுப்பது நல்லது.

கயிறும் கல்லும் பற்றிய சந்தேகங்களைப் பொன்னேரி மீன்வளக் கல்லூரியில் கேட்டுத் தெரிந்துகொள்ளலாம். ஊர் ஒப்பந்தத்தை மட்டும் ஊரார்தான் எழுத வேண்டும். உழவர் நண்பர்களும் ஊராட்சிக் கூட்டத்தில் அதற்குத் துணை நிற்க வேண்டும். முறை வைத்து மடை திறந்த அனுபவம் உங்களிடம் இருக்கிறது. அதைப் பக்கத்துக் குப்பத்தாருக்கும் சொல்லுங்கள்.