மூன்றாம் தரத்தில் கைவிட்ட பிள்ளையைப் பதினோராம் தரத்தில் தேடுகிறோம்

க.பொ.த. சாதாரண தரப் பெறுபேறுகள் வெளியாகும் வாரத்தில் நமது ஊர்ச் சந்திகளில் பதாதைகள் எழுகின்றன. 9 ஏ பெற்ற பிள்ளைகளின் படங்கள் முகநூலிலும் வட்ஸ்அப் குழுக்களிலும் நிறைகின்றன. வாழ்த்தப்பட வேண்டிய பிள்ளைகள்தான், சந்தேகமில்லை. ஆனால் அதே பரீட்சை எழுதி, கணிதத்திலோ தாய்மொழியிலோ சித்தி பெறாமல் போன பிள்ளைகள் எங்கே போனார்கள் என்று பாடசாலை அபிவிருத்திச் சங்கக் கூட்டங்களில் யாரும் கேட்பதில்லை. ஒருவன் கடையில் நிற்கிறான். இன்னொருவன் முச்சக்கர வண்டி ஓட்டும் வயது வரும்வரை காத்திருக்கிறான். பெண் பிள்ளையாக இருந்தால் வீட்டோடு நின்றுவிடுகிறாள்.

இந்தப் பிள்ளைகளுக்காகப் பாடசாலைகள் எதுவும் செய்வதில்லை என்று சொல்வது நியாயமாகாது. தரம் 11 வந்ததும் பின்னேர வகுப்பு, இரவு வகுப்பு, விடுமுறைக் கருத்தரங்கு, மாதிரி வினாத்தாள் என்று ஆசிரியர்கள் பாடுபடுகிறார்கள். ஊர்ப் பணமும் செலவாகிறது. ஆனாலும் மெல்லக் கற்கும் மாணவர்களில் பெரும்பாலானோர் நின்ற இடத்திலேயே நிற்கிறார்கள். காரணம், நோய் பதினோராம் தரத்தில் தொடங்கியதல்ல.

ஒரு சாதாரண கணக்கை எடுத்துக்கொள்வோம். 24,000 ரூபாவுக்கு வாங்கிய பொருளை 15% இலாபத்துக்கு விற்றால் விற்ற விலை என்ன? இதற்கு விடை 27,600 ரூபா. இதைச் செய்ய முடியாத பத்தாம் தர மாணவனிடம் இலாப நட்டப் பாடத்தை மீண்டும் நடத்துவதுதான் நமது வழக்கம். அவனை அருகில் அழைத்து விசாரித்தால், சதவீதம் என்பது நூறில் ஒரு பங்கு பற்றிய பேச்சு என்பதே அவனுக்குப் பிடிபட்டிருக்காது. அதற்குக் கீழே பின்னம் தெரியாது. அதற்கும் கீழே வகுத்தல் தெரியாது. அடியில் பார்த்தால் பெருக்கல் வாய்பாடு தடுமாறும். சில பிள்ளைகளுக்கு அந்த வினாவைப் பிழையின்றி வாசிப்பதே சிரமம். வாசிக்க முடியாதவனுக்குக் கணிதம் மட்டுமல்ல, வரலாறும் விஞ்ஞானமும் சமய பாடமும் சேர்ந்தே மூடிவிடுகின்றன.

நமது நாட்டில் பிள்ளைகள் வயதோடு வகுப்பேறுகிறார்கள். அது நல்ல ஏற்பாடுதான். ஒரே வகுப்பில் இரண்டு மூன்று வருடம் நிறுத்தி வைப்பது பிள்ளையின் மனதைத்தான் உடைக்கும். ஆனால் வகுப்பு ஏறும்போது விடுபட்ட திறனும் கூடவே ஏறிப்போகிறது. தரம் 3 இல் சரளமாக வாசிக்காத பிள்ளை தரம் 6 க்கு வரும்போது, வாசிப்பைக் கற்றுக்கொடுப்பது தன் பொறுப்பு என்று நினைக்கும் ஆசிரியர் அங்கே யாருமில்லை. பாட ஆசிரியர் வருகிறார், பாடத்தை நடத்துகிறார், மணி அடித்ததும் போகிறார். அவரையும் குறை சொல்ல முடியாது. மேற்பார்வைக்கு வருபவர்கள் கேட்பது பாடத்திட்டம் எங்கே நிற்கிறது என்பதை. பிள்ளைகள் எங்கே நிற்கிறார்கள் என்பதையல்ல.

இதன் மேல் 2020 மார்ச்சில் கொரோனாவுக்காகப் பாடசாலைகள் மூடப்பட்டன. நீண்ட மூடலுக்குப் பின் 2022 இல் எரிபொருள் நெருக்கடி வந்தது. எழுத்தும் எண்ணும் பிடிபட வேண்டிய வயதில் அன்று தரம் 1, 2 இல் இருந்த பிள்ளைகள் வீட்டில் இருந்தார்கள். ஸ்மார்ட் தொலைபேசி உள்ள வீட்டுப் பிள்ளை ஓரளவு தப்பியது. மற்றப் பிள்ளைகள் அந்த இடைவெளியோடுதான் மேல் வகுப்புகளுக்கு வந்திருக்கிறார்கள்.

இதற்கு மருந்து புதிதல்ல. இந்தியாவில் 'பிரதம்' என்ற தொண்டு நிறுவனம் மும்பை, வதோதரா நகரப் பாடசாலைகளில் பின்தங்கிய பிள்ளைகளை வகுப்பிலிருந்து சிறு குழுவாகப் பிரித்தெடுத்து, நாளொன்றுக்கு ஏறத்தாழ இரண்டு மணி நேரம் அடிப்படை வாசிப்பையும் கணக்கையும் மட்டும் கற்பித்தது. கற்பித்தவர்கள் பட்டதாரி ஆசிரியர்கள் அல்லர். அந்தந்தப் பகுதியிலேயே இடைநிலைக் கல்வியை முடித்த இளம்பெண்கள். 2001 முதல் 2003 வரை இத்திட்டம் ஆராயப்பட்டபோது, மிகவும் பின்தங்கியிருந்த பிள்ளைகளே அதிகம் முன்னேறியிருந்தார்கள். ஆராய்ந்தவர்களில் அபிஜித் பானர்ஜியும் எஸ்தர் டுஃப்லோவும் 2019 இல் பொருளியலுக்கான நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டவர்கள்.

நமது குர்ஆன் மத்ரஸாக்களிலும் இந்த முறை நெடுங்காலமாக உண்டு. ஒரே பாயில் இருபது பிள்ளைகள் இருந்தாலும் முஅல்லிம் ஒவ்வொரு பிள்ளையாக அழைத்து, அந்தப் பிள்ளை நேற்று நிறுத்திய இடத்திலிருந்து பாடம் கொடுக்கிறார். பாடம் சரியாகும்வரை அடுத்தது இல்லை. பக்கத்தில் இருப்பவன் எந்த ஜுஸ்உவில் இருக்கிறான் என்பது இவனுக்குப் பிரச்சினையே இல்லை. காலையில் பாடசாலைக்குப் போனதும் அதே பிள்ளையை நாற்பது பேரோடு ஒரே பக்கத்தில் நிறுத்திவிடுகிறோம்.

பாடசாலை மட்டத்தில் உடனே செய்யக்கூடியவை சில உண்டு. முதல் தவணையின் தொடக்கத்தில் தரம் 3 முதல் 7 வரையுள்ள ஒவ்வொரு பிள்ளையையும் தனியாக அழைத்து, ஒரு பந்தியை வாசிக்கச் சொல்லி, நான்கு கணக்குகளைச் செய்யச் சொல்ல வேண்டும். ஒரு பிள்ளைக்குப் பத்து நிமிடம் போதும். அடுத்து, நேரசூசியில் தினமும் ஒரு பாடவேளையை ஒதுக்கி, வகுப்பைப் பார்க்காமல் திறன் மட்டத்தைப் பார்த்துக் குழுவாக்க வேண்டும். ஆறு வாரத்துக்கு ஒருமுறை மீண்டும் பார்த்துக் குழுவை மாற்ற வேண்டும். இது முக்கியம். மாறாத குழு என்பது 'மொக்கு வகுப்பு' என்ற பெயரை வாங்கிவிடும். அந்தப் பெயர் பிள்ளையோடு கடைசிவரை வரும். முன்னேறாத பிள்ளைகளின் கண்ணையும் காதையும் பரிசோதிக்கச் செய்ய வேண்டும். கரும்பலகை தெரியாததால் பின்தங்கிய பிள்ளைகளும் நம்மிடம் இருக்கிறார்கள்.

பாடத்திட்டம் பிந்திவிடும் என்று அதிபர்கள் அஞ்சலாம். விளங்காத பிள்ளைக்கு நடத்தி முடிக்கும் பாடத்திட்டம் பதிவேட்டில்தான் முடிகிறது. ஆசிரியர் பற்றாக்குறை என்பது உண்மையான தடை. ஆனால் உயர்தரப் பரீட்சை எழுதிவிட்டுப் பல்கலைக்கழக அனுமதிக்காக மாதக்கணக்கில் காத்திருக்கும் யுவதிகள் நமது ஒவ்வொரு ஊரிலும் இருக்கிறார்கள். ஓர் ஆசிரியரின் வழிகாட்டலில், சிறு கொடுப்பனவோடு, இந்த வேலையை அவர்களால் செய்ய முடியும். பழைய மாணவர் சங்கங்களும் பள்ளிவாசல் நிர்வாகங்களும் தரம் 11 கருத்தரங்குக்குத் திரட்டும் பணத்தில் பாதியை இதற்குத் திருப்பினாலே தொடங்கிவிடலாம்.

இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும். சித்தி வீதம் குறையும் என்பதற்காகப் பலவீனமான மாணவனை விடுகைப் பத்திரம் எடுக்கும்படி நெருக்குவதாகப் பெற்றோர் முறையிடுவதைக் கேட்கிறோம். இந்த நாட்டில் 16 வயது வரை கல்வி கட்டாயம். சாதாரண தரத்தில் தவறியவருக்கும் 2017 இல் தொடங்கிய 13 வருட உத்தரவாதக் கல்வியின் கீழ் தொழிற்பாடத் துறை திறந்திருக்கிறது. பிள்ளையை வெளியே அனுப்பிப் பெறும் சித்தி வீதம் பாடசாலையின் வெற்றியல்ல.

அடுத்த அபிவிருத்திச் சங்கக் கூட்டத்துக்குப் போகும் பெற்றோர் அதிபரிடம் ஒரே ஒரு கேள்வியைக் கேட்கட்டும்: நமது பாடசாலையில் தரம் 5 இல் இருக்கும் எத்தனை பிள்ளைகளுக்கு ஒரு பந்தியைத் தடுமாறாமல் வாசிக்க முடியாது? அந்த எண்ணிக்கை கையில் இருந்தால் வேலை தொடங்கிவிட்டது என்று பொருள். இல்லையென்றால், அதைக் கணக்கெடுப்பதே அந்தக் கூட்டத்தின் முதல் தீர்மானமாக இருக்க வேண்டும்.