கரி நெருப்பு என்னும் போலிப் புனிதம்

"கேஸ்ல வாட்டுறதுக்கு வீட்டுக்குள்ளயே அடுப்பு இருக்கே சார், வெளியில எதுக்கு இன்னொண்ணு?"

2024ஆம் ஆண்டுக் கோடை விடுமுறையில், நியூ ஜெர்சியில் வாழும் நம் தம்பியின் வீட்டுப் புழக்கடையில் நம்மிடம் கேட்கப்பட்ட வினா இது. கேட்டவர் தம்பியின் நண்பர், தமிழர், நன்கு கற்றவர். பன்னிரண்டு ஆண்டுகளாகக் கரியிட்டு இறைச்சி வாட்டிவந்த தம்பி, அந்தப் பழைய வட்ட அடுப்பை ஒதுக்கிவிட்டு, மூன்று பர்னர்கள் கொண்ட எரிவாயு கிரில் ஒன்றை வாங்கியிருந்தான். விருந்துக்கு வந்தவர்களில் பாதிப்பேர் அதைக் கொள்கைத் துரோகமாகவே கருதினர். "கரி இல்லாத பார்பிக்யூ பார்பிக்யூவே அன்று" என்பதே அவர்களது ஒருமித்த தீர்ப்பு.

தீர்ப்பளித்தவர்கள் காரணத்தைக் கேட்கவில்லை. தம்பியின் ஒன்பது வயது மகளுக்கு மூச்சிரைப்பு உண்டு. கரி பற்றிக் கனியும் வரையிலான அரைமணி நேரப் புகை அவளுடைய அறைச் சன்னலை நோக்கியே வரும். புழக்கடையில் விருந்து நடக்கும் நாளெல்லாம் அக்குழந்தை சன்னலை அடைத்துக்கொண்டு உள்ளே இருந்திருக்கிறாள். இதற்கு மேல் ஒரு காரணம் வேண்டுமா? எனினும், காரணத்தைச் சொல்லி அனுதாபம் தேடுவது நம் நோக்கம் அன்று. அக்குழந்தை இல்லாதிருந்தாலும் அந்தத் தீர்ப்பு பிழையானதே என்பதைச் சொல்லவே இக்கட்டுரை.

முதலில் 'மரபு' என்னும் வாதத்தை எடுத்துக்கொள்வோம். அமெரிக்கப் புழக்கடையில் காணும் அந்த மூடியிட்ட வட்ட அடுப்பு எந்த ஆதிகுடியும் கண்டளித்தது அன்று. சிகாகோவில் வெபர் சகோதரர்கள் உலோகப் பட்டறையில் பணியாற்றிய ஜார்ஜ் ஸ்டீபன் என்பவர், 1952இல், நீரில் மிதக்கவிடும் உலோக மிதவைக்கான கோளத்தை இரண்டாக்கி, கீழ்ப்பாதியைச் சட்டியாகவும் மேற்பாதியை மூடியாகவும் அமைத்தார். அதில் இடும் அச்சுக் கரிக்கட்டியின் கதை இன்னும் சுவையானது. 1920களில் ஹென்றி ஃபோர்டு தம் கார்களுக்கு வேண்டிய மரத்தை மிச்சிகன் மாநிலத்துக் காடுகளில் அறுத்தபோது கழிவு மரம் மலைபோல் குவிந்தது. அதைக் கரியாக்கி, மாவுப்பசை சேர்த்து, அச்சில் அழுத்தி, தம் கார் விற்பனையாளர்கள் வழியாகவே விற்றார். இன்றைய கிங்ஸ்ஃபோர்டு கரியின் தோற்றுவாய் இதுவே. ஆக, நம் நண்பர்கள் நெஞ்சில் கைவைத்துக் காக்கப் புறப்பட்ட தொன்மரபு, ஒரு கார்த் தொழிற்சாலையின் கழிவு மேலாண்மையிலிருந்து பிறந்தது! அதில் இழிவொன்றும் இல்லை. ஆனால் புனிதமும் இல்லை.

அடுத்தது சுவை. "கரியின் மணம் எரிவாயுவில் வராது" என்பர். கரி என்பது என்ன? காற்று குறைந்த சூட்டில் மரத்தை வாட்டி, அதிலுள்ள ஆவியாகும் பொருள்களை எல்லாம் விரட்டிய பின் எஞ்சுவது. மரப்புகைக்கு மணம் தருபவை, மரத்திலுள்ள லிக்னின் சிதைவதால் பிறக்கும் குவயகோல் முதலிய சேர்மங்கள். கரியாக்கும்போதே அவற்றில் பெரும்பங்கு வெளியேறிவிடுகிறது. நன்கு கனிந்து சாம்பல் பூத்த தணலில் மணமென்று சொல்ல மிகச் சிறிதே மீதமுண்டு. அப்படியானால் நாம் நுகரும் மணம் எங்கிருந்து வருகிறது? இறைச்சியிலிருந்து சொட்டும் கொழுப்பும் சாறும் சூடான பரப்பில் விழுந்து, பொசுங்கி, ஆவியாகி, மீண்டும் இறைச்சியின் மீதே படிகிறது. அந்தச் சூடான பரப்பு கரியாகத்தான் இருக்கவேண்டும் என்று கொழுப்புக்கு யாரும் கட்டளையிடவில்லை. இந்த உண்மையை அறிந்துதான், கரி அடுப்பால் பெயர்பெற்ற அதே வெபர் நிறுவனம் 1985இல் வெளியிட்ட ஜெனிசிஸ் எரிவாயு கிரிலில், பர்னர்களின் மேல் கூரை வடிவில் உலோகத் தகடுகளை அமைத்தது. சொட்டும் கொழுப்பு அவற்றில் விழுந்து புகையும், சுடர்த்துளைகளை அடைக்காது.

எதிர்த்தரப்புக்கு உரிய நியாயத்தை மறுப்பது நம் வழக்கம் அன்று. கனிந்த கரித்தணல் வெப்பத்தை ஒளிபோல் நேரே வீசுகிறது. அதனால் இறைச்சியின் மேற்புறம் விரைவில் முறுகிச் சிவக்கிறது. எரிவாயுச் சுடரோ பெரும்பாலும் சூடான காற்றாலேயே சமைக்கிறது. அன்றியும், புரொப்பேன் மூலக்கூறு ஒன்று எரிந்தால் நான்கு நீர் மூலக்கூறுகள் பிறக்கின்றன. எனவே அக்காற்றில் நீராவியும் கலந்திருக்கும். கடையில் வாங்கிய எரிவாயு கிரிலை அப்படியே பற்றவைத்து, ஐந்து நிமிடத்தில் கோழியைக் கிடத்துபவருக்கு வெளிறிய, வெந்த கோழியே கிடைக்கும். ஆனால் அது எரிவாயுவின் குற்றம் அன்று. கருவியைத் தனக்கேற்ப இசைத்துக்கொள்ளாதவரின் குற்றம்.

தம்பி அதை இசைத்துக்கொண்ட விதத்தை நாம் இரண்டு மாதம் அருகிருந்து கண்டோம். கிரிலோடு வந்த மெல்லிய கம்பித் தட்டியை எடுத்துவிட்டுக் கனத்த வார்ப்பிரும்புத் தட்டியைப் பொருத்தினான். மூடியை அடைத்துப் பதினைந்து நிமிடம் அதைக் காயவிட்ட பிறகே இறைச்சி ஏறும். சூட்டைத் தேக்கிவைத்த இரும்பு, தணல் செய்யும் பணியில் பெரும்பகுதியைச் செய்துவிடுகிறது. தகடுகளுக்குப் பதிலாக எரிமலைக் கற்களையும் ஒருமுறை பரப்பிப் பார்த்தான். கற்கள் கொழுப்பைக் குடித்துக் குடித்து ஒருநாள் குப்பென்று பற்றியெரியவே, மறுநாளே அவற்றை அகற்றினான். இரண்டு பர்னர்களை முழுதாக எரியவிட்டு மூன்றாவதை அணைத்துவிட்டால், ஒரே அடுப்பில் சுடுகளமும் நிழற்களமும் அமைகின்றன. எலும்போடு கூடிய கோழித்தொடை அனலில் நிறம் பெற்று, நிழலில் மூடிக்குள் மெல்ல வேகிறது. மூடியிலுள்ள வெப்பமானி மேலே உலவும் காற்றின் சூட்டையே காட்டும் என்பதால், அதை நம்பாமல், இறைச்சிக்குள் செருகும் கம்பி வெப்பமானியைக் கொண்டு 74 டிகிரி செல்சியஸ் எட்டியதா என்று பார்க்கிறான்.

புகைமணம் வேண்டுவோருக்கு வழியில்லையா எனில், உண்டு. துளையிட்ட சிறு இரும்புப் பெட்டியில் ஹிக்கரி அல்லது ஆப்பிள் மரச்சில்லுகளை ஒரு கைப்பிடி இட்டு பர்னரின் மேல் வைத்தால் உண்மையான மரப்புகை எழும். டெக்ஸாஸ் மாநிலத்து லாக்ஹார்ட்டில் ஓக் விறகின் புகையில் மணிக்கணக்காக மாட்டிறைச்சியைச் சமைக்கிறார்களே, அந்தப் பெருங்கலையின் உயிர் விறகில் இருக்கிறது. அச்சுக் கரிக்கட்டியில் இல்லை. தம்பி அந்தப் பெட்டியை மகள் வீட்டில் இல்லாத நாள்களில் மட்டுமே வைக்கிறான். எரிவாயுவில் புகை நம் விருப்பம். கரியிலோ அது விதி. நமது வழக்கின் சாரம் இந்த ஒரு வேறுபாட்டில் அடங்கிவிடுகிறது.

எரிவாயுவுக்குக் கோயில் கட்டவும் நாம் வரவில்லை. புரொப்பேனும் புதைபடிவ எரிபொருளே. கொழுப்பு பொசுங்கும் புகையில் புற்றுநோய்க்கு ஏதுவான சேர்மங்கள் எந்த அடுப்பிலும் பிறக்கும். உருளையை மாற்றும்போதெல்லாம் இணைப்புகளில் சோப்பு நீர் தடவிக் குமிழி வருகிறதா என்று பார்க்கும் பொறுப்பும் உண்டு. நாம் எதிர்ப்பது கரியை அன்று. கரியைக் கொண்டு பிறரை அளக்கும் மனநிலையை.

இம்மனநிலை நமக்குப் புதிதன்று என்பதால்தான் இத்தனை சினம். தஞ்சை மாவட்டத்துச் சிற்றூரில் நம் வீட்டிற்கு எரிவாயு அடுப்பு வந்தது 1994இல். அதில் பொங்கிய சோற்றைத் தின்றால் வயிற்றில் வாயு சேரும் என்று அன்று தடை சொன்னவர்களில் ஒருவர்கூட அதற்குமுன் அடுப்படியில் அமர்ந்து ஊதுகுழலைப் பிடித்தவர் அல்லர். ஊதியவர் நம் அன்னை. விறகடுப்புச் சோற்றின் சுவையைப் பற்றி நம் இலக்கிய அன்பர்கள் உருகி எழுதும் கட்டுரைகளை அவருக்குப் படித்துக் காட்டியபோது அவர் சொன்னது இவ்வளவே: "சாப்பிட்டவங்க எழுதுறாங்க. சமைச்சவ எழுதினா வேற மாதிரி இருக்கும்." வீட்டுக்குள் எழும் எரிபொருள் புகையால் 2020ஆம் ஆண்டில் உலகெங்கும் ஏறத்தாழ 32 லட்சம் பேர் இறந்ததாக உலக நலவாழ்வு நிறுவனம் மதிப்பிட்டுள்ளது. புழக்கடையில் வாரம் ஒருமுறை மூட்டும் கரியும் அடுக்களையில் நாள்தோறும் எரிந்த விறகும் ஒன்றல்ல என்பதை நாம் அறிவோம். ஆயினும் இரண்டுக்கும் பொதுவான ஒரு நியதி உண்டு: புகையைப் புகழ்பவர் ஒருவர், விழுங்குபவர் இன்னொருவர்.

தொன்மையைச் சான்றுக்கு அழைப்போருக்கு நாம் வகுப்பில் நடத்தும் பொருநராற்றுப்படையையே நினைவூட்டுவோம். கரிகாலன் அளித்த விருந்தில் கோலில் கோத்துச் சுட்ட கொழுத்த இறைச்சி வருகிறது. இரவும் பகலும் அதைத் தின்று பொருநனின் பல் மழுங்கியதும் வருகிறது. இறைச்சியின் கொழுமையும் வேந்தனின் உபசரிப்புமே அங்குப் பாடுபொருள். எந்த விறகில் சுட்டார்கள் என்று புலவர் கணக்கெடுக்கவில்லை. விருந்தோம்பலின் இலக்கணம் அறிந்தவர் அவர்.

அடுத்த கோடையிலும் அந்தப் புழக்கடையில் கரியின் பெருமை பேசப்படும் என்பதில் நமக்கு ஐயமில்லை. பேசுவோர் தாராளமாகப் பேசட்டும். ஆனால் அதற்குமுன் ஒருமுறை தலையை உயர்த்தி, காற்று எந்தச் சன்னலை நோக்கி வீசுகிறது என்று பார்த்துவிட்டுப் பேசட்டும்.