செத்த ஊரா?

கோலார் தங்கவயலுக்குப் போய் வந்த நண்பர் ஒருவர், தாம் எடுத்த புகைப்படங்களை என் முன் பரப்பினார். துருவேறிய சுரங்கக் கோபுரம், கூரை இடிந்த துரை பங்களா, புதர் மண்டிய பாதை. "செத்த ஊர்! சிதைவிலும் எத்தனை அழகு!" என்று உருகினார்.

எனக்குக் கோபம் வந்தது. அங்கே போனபோது நானும் முதலில் அப்படித்தான் உருகினேன்.

சயனைடு கழிவு குவிந்த சாம்பல் நிற மேட்டின் அடியில் நான் மெய்ம்மறந்து நின்றிருந்தேன். பெரியவர் ஒருவர் பக்கத்தில் வந்தார். "என்ன சார் பாக்குறீங்க?" என்றார். "பாழடைந்த ஊரை" என்றேன். "அப்போ நாங்க யாரு சார்?" என்று கேட்டார். கேட்டுவிட்டு வெகுநேரம் இருமினார்.

அந்த இருமலுக்கு முன் என் ரசனை எம்மாத்திரம்!

1880-இல் ஜான் டெய்லர் கம்பெனி அங்கே வந்தது. வடார்க்காட்டிலிருந்தும் சேலத்திலிருந்தும் நிலமற்ற ஏழைகள், சேரிமக்களே பெரும்பாலோர், பிழைப்புத் தேடிப் போனார்கள். 3 கிலோமீட்டருக்கும் கீழே இறங்கினார்கள். பாறை வெடித்து மாண்டார்கள். பாறைத்தூளைச் சுவாசித்து நுரையீரல் கெட்டார்கள். இயந்திரம் ஓடுவதற்காக 1902-இலேயே சிவசமுத்திரத்திலிருந்து மின்சாரம் வந்தது; பெங்களூருக்கு 1905-இல்தான் கிடைத்தது. சுமார் 800 டன் பொன் வெளியே போயிற்று. 2001 பிப்ரவரி 28-ஆம் தேதி சுரங்கத்தை மூடினார்கள்.

மூடியது சுரங்கத்தைத்தான், ஐயா; ஊரை அல்ல. மாரிகுப்பத்தில் ரயிலேறிப் பெங்களூருக்கு வேலைக்குப் போய், இரவில் திரும்புகிறவர்கள் இன்றும் ஏராளம். காற்றடித்தால் சயனைடு மேட்டின் தூசி அவர்கள் வீட்டுக்குள் வருகிறது.

"ஹம்பியின் சிதைவை ரசிக்கவில்லையா?" என்று நண்பர் மடக்கினார். ரசிக்கலாம். அங்கே இழந்தவர்கள் போய் நானூறு ஆண்டுகளுக்கு மேல் ஆயிற்று. இங்கே இழந்தவர் எதிரே நின்று பேசுகிறார். அவரை விலக்கிவிட்டுச் சுவரை மட்டும் படம் பிடிப்பது ரசனையா?

'செத்த ஊர்' என்ற பேச்சு சிலருக்குப் பெரிய சௌகரியம். செத்தவனுக்குக் கூலிபாக்கி கொடுக்க வேண்டாம். குடிதண்ணீர் கொடுக்க வேண்டாம். வைத்தியமும் பார்க்க வேண்டாம். நம்மைப் போன்றவர்கள் அழகு, அழகு என்று எழுதி அந்தச் சௌகரியத்துக்கு மெருகு பூசுகிறோம்.

நண்பரின் படங்களை மறுபடியும் ஒவ்வொன்றாகப் பார்த்தேன். ஒன்றிலாவது ஒரு மனித முகம் இல்லை. "ஆள் குறுக்கே வந்தால் படம் கெட்டுவிடும், காத்திருந்து எடுத்தேன்" என்றார் அவர்.