கேட்டால் கிடைக்கும் ஐந்து நாட்கள்



எங்கள் வார்டில் காகிதக் குறிப்புகளைக் கணினிக்கு மாற்றும் பொறுப்பைத் தாதியர் எங்களிடமே தந்தார்கள். நோயாளியைப் பராமரிக்கப் படித்திருந்தோம். ஒரு திட்டத்தை நடத்தப் படிக்கவில்லை. யார், எதை, எந்த நாளுக்குள் செய்வது என்று எழுதி வைக்காததால், இரண்டு மாதம் ஒரே குறிப்பைக் காகிதத்திலும் கணினியிலும் எழுதிக் களைத்தோம். எங்களுக்குத் திறமை போதாது என்றே நினைத்தோம். திட்ட மேலாண்மை படித்துப் பழகக்கூடிய ஒன்று என்பது பிறகுதான் தெரிந்தது.

நியூரம்பேர்க்கில் இயங்கும் ஜேர்மன் திட்ட மேலாண்மைச் சங்கம் (ஜி.பி.எம்.) 1979இல் தொடங்கியது. அதன் ஆரம்பநிலையான 'டி' சான்றிதழுக்கு முன் அனுபவம் தேவையில்லை.

படிக்க நேரம் எங்கே? நோர்த்ரைன்-வெஸ்ட்பாலியாவில் வேலை செய்வோருக்கு ஆண்டுக்கு 5 நாள் சம்பளத்துடன் 'பில்டுங்ஸ்உர்லாப்', அதாவது கல்வி விடுப்பு, சட்டப்படி உண்டு. வேலையில் சேர்ந்து 6 மாதம் ஆகியிருக்க வேண்டும். வகுப்புக்கு 6 வாரம் முன்பே எழுத்தில் கேட்க வேண்டும். வகுப்பை நடத்தும் நிறுவனம் அங்கீகாரம் பெற்றதா என்று பாருங்கள். வகுப்புக் கட்டணம் நம் பொறுப்பு. பவேரியாவில் இப்படிச் சட்டம் இல்லை. அங்கே மேலாளரிடம் பேசித்தான் பெறவேண்டும்.

"கேட்டால் என்ன நினைப்பார்களோ" என்று நாங்கள் பல ஆண்டுகள் கேட்காமலே இருந்துவிட்டோம். நீங்கள் இந்த வருடமே கேளுங்கள்.