மண்டையில் ஏறாதது யார் குற்றம்?

"ஒங்க ஆளுங்களுக்கு இதெல்லாம் மண்டையில ஏறாதுடா." நான் ஆறாவது படித்தபோது வாத்தியார் சொன்னது. ஒளிச்சேர்க்கைப் பாடம். ஒரே பத்தியில் பச்சையம், ஸ்டார்ச், கரியமில வாயு, இலைத்துளை என்று ஏழெட்டுப் புதுச் சொற்கள். படம் அடுத்த பக்கத்தில். படத்தில் வெறும் அ, ஆ, இ. எது என்ன என்கிற விவரம் அதற்கும் கீழே. பக்கத்தைப் புரட்டுவதற்குள் படித்தது போய்விடும். வெயிலில் முட்டிபோட்டு நின்றேன்.

இருபது வருடமாகச் சேரியில் இரவுப் பள்ளி நடத்துகிறவன் சொல்கிறேன்: குறை மண்டையில் இல்லை, புத்தகத்தில் இருக்கிறது.

மனிதர் ஒரே நேரத்தில் மனதில் பிடித்து வைக்கக்கூடியது ஏறக்குறைய ஏழு என்று 1956இல் ஜார்ஜ் மில்லர் எழுதினார். 2001இல் நெல்சன் கோவன் அதை நான்காகக் குறைத்தார். ஊர்த்தெரு மண்டைக்கும் நாலுதான், சேரி மண்டைக்கும் நாலுதான்.

அப்புறம் வாத்தியார் வீட்டுப் பையன் மட்டும் எப்படி ஒப்பித்தான்? 1973இல் சேஸ், சைமன் இருவரும் சதுரங்க ஆட்டக்காரர்களைச் சோதித்தார்கள். நிஜ ஆட்டத்துப் பலகையை ஐந்து நொடி காட்டினால், தேர்ந்தவர் பெரும்பாலான காய்களைத் திரும்ப வைத்தார். கண்டபடி கலைத்து வைத்ததும் அவரும் புதியவரைப் போலத் தடுமாறினார். அவருக்கு நினைவு பெரிதல்ல. பல காயை ஒரே முடிச்சாகப் பார்க்கிற பழக்கம். எங்கப்பா புது அடியை ஒருதரம் கேட்டே பறையில் திருப்பி அடிப்பார். அதுவும் இந்த முடிச்சுதான்.

பாடநூல் எழுதுகிறவர் தன் வீட்டு முடிச்சுகளை வைத்து எழுதுகிறார். அந்த வீட்டுப் பிள்ளைக்கு ஒன்று, எம்பிள்ளைக்கு ஏழு. இந்தக் கணக்கு மோசடிக்குத்தான் 'தகுதி' என்று பேர்.

எங்கள் பள்ளியில் ஒரு ராத்திரிக்கு மூன்று புதுச் சொல்தான். உறுப்பின் பெயர் படத்தின் மேலேயே இருக்கும். முதல் கணக்கை முழுதும் போட்டுக் காட்டுவோம். அடுத்ததில் கடைசி வரியைப் பிள்ளை போடும். மறுநாளும் மறுவாரமும் திரும்பக் கேட்போம். ஸ்டார்ச்சை வடிகஞ்சியில் தொடங்குவோம். துணிக்குக் கஞ்சி போடுகிற வீட்டில் அது தெரிந்த சரக்கு.

"தரத்தைக் குறைக்கிறீர்கள்" என்கிறார்கள். ஒரு வரியைக்கூட நாங்கள் குறைக்கவில்லை. அதே ஒளிச்சேர்க்கையை முழுசாகத்தான் படிக்கிறார்கள். தேவையில்லாத சுமையைத்தான் இறக்கினோம். சுமை தூக்கியே பழகியவர்களுக்குத் தெரியாதா, எது சரக்கு, எது வெறும் பாரம் என்று?

பாடநூல் எழுதும் மேசையில் எங்களுக்கும் நாற்காலி போடுங்கள். அதுவரை எம்பிள்ளைகள் மண்டையைப் பற்றி எவனும் பேச வேண்டாம்.