பெயரும் அரைப்பேரும்

ஒரு நூலின் முகப்பில் யாருடைய பெயரைப் பொறிப்பது, என்ன உரிமை பற்றிப் பொறிப்பது என்னும் வினா தமிழர்க்குப் புதியதன்று. பதின்மூன்றாம் நூற்றாண்டில் நன்னூல் செய்த பவணந்தி முனிவர், சிறப்புப்பாயிரம் உணர்த்த வேண்டியவை எட்டு என வகுத்தார். நூலைச் செய்தவன் பெயர் அவற்றுள் ஒன்று. அந்நூல் எதன் வழி வந்தது என்பது மற்றொன்று. ஆகவே, ஆக்கியோன் பெயரைச் சொல்லி வழியைச் சொல்லாது விட்ட பாயிரம் குறையுடைய பாயிரமாகும். காலம், களம், காரணம் என்னும் மூன்றையும் கூட்டிப் பதினொன்று என்பாரும் உளர். இன்னும் ஒரு நுட்பம் உண்டு. அப்பாயிரத்தை நூல் செய்தவன் தானே இயற்றுதல் மரபன்று. அவனுடைய ஆசிரியனோ, உடன் கற்ற தோழனோ, மாணாக்கனோ, உரைகாரனோ இயற்றுதல் வேண்டும். ஒருவன் செய்த வேலைக்கு, அதனை அருகிருந்து அறிந்த மற்றொருவன் சான்று பகர வேண்டும் என்பதே இதன் கருத்து.

இக்காலத்து ஆராய்ச்சியுலகில் அச்சான்றின் இடத்தை எண் பிடித்துக்கொண்டது. 1964 இல் அமெரிக்கரான யூஜின் கார்ஃபீல்டு வெளியிட்ட அறிவியல் மேற்கோள் அட்டவணை, எக்கட்டுரையை எவர் எடுத்தாண்டார் என்று தேடிக் காண்பதற்குரிய கருவியாகவே பிறந்தது. 2005 இல் ஹிர்ஷ் என்னும் பௌதிகப் பேராசிரியர், ஆய்வாளர் ஒருவரின் பணி முழுவதையும் ஓர் எண்ணில் அடக்கும் கணக்கைச் சொன்னார். ஒருவருடைய கட்டுரைகளுள் பத்து, ஒவ்வொன்றும் பத்துத் தடவையேனும் பிறரால் மேற்கோள் காட்டப்பட்டிருப்பின், அவருடைய எண் பத்து. தேடுவதற்கு வந்த கருவி நாளடைவில் ஆளை நிறுக்கும் தராசாயிற்று. இதன் கேட்டினை உணர்ந்த பதிப்பாசிரியர்களும் ஆய்வாளர்களும் 2012 ஆம் ஆண்டு டிசம்பரில் சான் பிரான்சிஸ்கோ நகரிற் கூடி, ஓர் இதழுக்குரிய எண்ணைக் கொண்டு அதில் எழுதியவரின் தகுதியை அளத்தல் தகாது என்று அறிக்கை வகுத்தனர். ஆயினும் பதவி உயர்வுக்கான படிவங்களிற் கட்டுரைகளின் தொகை இன்றும் முன் நிற்கிறது.

மழைக்குப் பேர்போன வட்டவளையில் வாழும் எமக்கு இவ்வகை அளவை பழக்கமானதே. தோட்டத்தில் ஒரு நாள் வேலைக்குப் ‘பேர்’ என்பதே வழக்கு. கொழுந்து தராசில் நிறுக்கப்படும். குறித்த கிலோ நிறைந்தால் செக்றோலில் முழுப்பேர் விழும். குறைந்தால் அரைப்பேர் இடும் வழக்கம் உண்டு. மலை செங்குத்தானதா, செடி கிழடு தட்டியதா, காலை முதல் அடைமழையா என்பவற்றைத் தராசு கேளாது. நிறுத்த கொழுந்து ஆலைக்குட் சென்றபின் எது எவர் கை பறித்தது என்று பிரித்தறிவாரும் இலர். நாடெங்கும் கடைகளில் தேயிலைப் பொதியின்மேல் வட்டவளை என்னும் ஊர்ப்பெயரைக் காண்கிறோம். பறித்தவள் பெயர் செக்றோலோடு நின்றுவிடுகிறது.

அறிவுத்துறையிலும் இவ்வாறு பெயர் நின்றுபோனதற்கு ஈழத்திலேயே சான்று உண்டு. 1842 இல் மானிப்பாய் அமெரிக்க மிஷன் அச்சகத்திலிருந்து 58,000க்கு மேற்பட்ட சொற்களைக் கொண்ட தமிழகராதி வெளிவந்தது. அதற்கு உழைத்தவர் சந்திரசேகர பண்டிதரும் சரவணமுத்துப் பிள்ளையும் என்பது இலக்கிய வரலாறு. உலகமோ அதனை மானிப்பாய் அகராதி என்றும் யாழ்ப்பாண அகராதி என்றுமே வழங்குகிறது. இருபது ஆண்டுகள் கழித்து, 1862 இல், சென்னையில் வின்சுலோ பாதிரியாரின் தமிழ் ஆங்கில அகராதி வெளியாயிற்று. அதற்குரிய சொற்களை முதலிற் சேர்க்கத் தொடங்கிய யோசேப்பு நைற் பாதிரியார் அது வெளிவருமுன்னரே காலமாகிவிட்டார். நூலின் தலைப்புப் பக்கம் அவருடைய கையெழுத்துப் பிரதிகளைப் பெயர் சுட்டிக் கூறுகிறது. தமிழ்ப் புலவர்களின் உதவியையும் கூறுகிறது. ஆயின், தகுதி வாய்ந்த சுதேச அறிஞர்கள் என்னும் பொதுச் சொல்லால் மட்டுமே கூறுகிறது.

வின்சுலோ பிறர் உழைப்பை மறைத்தார் என்று கூறுதல் அறமாகாது. தலைப்புப் பக்கத்திலேயே உதவியை ஒப்புக்கொண்டவர் அவர். அவரது உழைப்பும் பெரிது. யான் சுட்ட விரும்புவது வேறு. ஒருவர்க்குத் தனிப்பெயரும், பலர்க்குப் பன்மைச் சொல்லும் கொடுத்தால், காலம் தனிப்பெயரை வைத்துக்கொண்டு பன்மைச் சொல்லை உதிர்த்துவிடுகிறது. மேற்கோள் காட்டுவோர் வின்சுலோ, 1862 என்று எழுதி மேற்செல்வர். நன்றியுரை எண்ணிக்கையில் ஏறுவதில்லை.

இதற்கு மாறான வழியும் நம்மிடம் இருந்தது. 1880 இல் கும்பகோணத்தில் இராமசுவாமி முதலியார், சீவக சிந்தாமணியைக் கற்றதுண்டா என்று சாமிநாதையரை வினவினார். ஐயரவர்கள் அந்நூலை 1887 இற் பதிப்பித்தார். அவ்வினாவை எழுப்பியவரைத் தம் வரலாற்றில் மறவாது எழுதினார். தம் பதிப்புக்களின் முகவுரைகளில் ஏட்டுப்பிரதி அளித்தவர்களை ஊரும் பேருமாக வரிசைப்படுத்தினார். இதனால் அவருடைய புகழ் குறைந்ததா? பிற்காலத்தார் எந்தப் பாடம் எந்த ஏட்டிலிருந்து வந்தது என்று ஆராய்வதற்கு அவ்வரிசையே துணையாயிற்று. வழி கூறுதல் நன்றியறிதல் மட்டுமன்று. ஆராய்ச்சியின் மெய்ம்மையைச் சோதிப்பதற்கும் அதுவே வாயில்.

பெயர் அறியப்படாத இடத்தில் என் செய்வது என வினவலாம். குறுந்தொகையைக் காண்க. செம்புலப் பெயனீரார், அணிலாடு முன்றிலார், ஓரேருழவனார் என்பன பெற்றோர் இட்ட பெயர்கள் அல்ல. புலவரின் பெயர் கிடையாதபோது, அவருடைய பாட்டின் சிறந்த தொடரையே எடுத்துப் பெயராகச் சூட்டினர் நம் முன்னோர். எவரோ ஒருவர் பாடியது என்று எழுதி அவர்கள் மேற்செல்லவில்லை.

அத்தகைய மரபில் வந்த நாம் மலையகத்தில் இன்று செய்வது யாது? தோட்டத்துத் தாய்மாரின் தாலாட்டும் ஒப்பாரியும் தெம்மாங்கும் ஆராய்ச்சிக்குரிய பொருள்களாகிவிட்டன. மக்கள் கவிமணி ஸி. வி. வேலுப்பிள்ளை அவர்கள் தோட்டம் தோட்டமாகச் செவிகொடுத்துத் திரட்டியவை ‘மலைநாட்டு மக்கள் பாடல்கள்’ என்னும் நூலாக வந்து, பின்வந்தோர்க்கு வழி காட்டின. இப்போது பட்ட ஆய்வுக்காக ஆண்டுதோறும் மாணவர் லயங்களுக்கு வருகின்றனர். அது மகிழ்ச்சிக்குரியதே.

என்னிடம் பயின்று பல்கலைக்கழகம் புகுந்த மாணவி ஒருவர், மூன்று விடுமுறைகளை இப்பகுதி லயங்களிற் கழித்து ஒப்பாரிகளைப் பதிவு செய்தார். பின்னர் அவை பற்றிய கட்டுரை ஓர் ஆய்விதழில் மூவர் பெயரோடு வெளிவந்தது. மாணவியின் பெயர் மூன்றாவது. முன்னிரண்டு பெயர்க்குரியோர் லயத்துப் படியை மிதித்ததில்லை. கட்டுரையின் உயிர்நாடியான செய்தி ஒன்று: எவ்வடிகளை மகள் பாடுவாள், எவற்றை மருமகள் பாடுவாள், எவற்றை இழவு வீட்டுக்கு வெளியே எவரும் வாய்விடலாகாது என்னும் பாகுபாடு. இதனை வகுத்துச் சொன்னவர் எழுபது கடந்த ஓர் அம்மாயி. அவர் கட்டுரையில் ‘தகவலாளர் 4’ என நின்றார். யான் அவ்விதழை அவரிடம் காட்டியபோது, “ஏம் பேரு விழுந்திருக்கா, வாத்தியாரையா?” என்று கேட்டார். செக்றோல் வழக்கிற் பழகிய வாய் அது. இலக்கம் விழுந்திருக்கிறது என்றுதான் விடை கூற முடிந்தது.

பாடிய ஒவ்வொருவரையும் கட்டுரையாசிரியர் ஆக்கிவிட்டால் ஆசிரியர் என்னும் சொல்லுக்கு மதிப்பு என்ன என்று சிலர் கேட்பர். நியாயமான கேள்வி. 2015 இல் ஹிக்ஸ் துகளின் திணிவு பற்றி வெளியான ஒரு பௌதிகக் கட்டுரைக்கு ஆசிரியர்கள் 5,154 பேர். அதன் 33 பக்கங்களுள் 24 பக்கம் ஆசிரியர் பெயரும் அவர்தம் நிறுவனங்களுமே. அங்கே தனியொருவர் செய்தது யாது என்று காண்பதற்கில்லை. எல்லார் பெயரையும் ஒரே வரிசையில் நிறுத்துதல் நீதியாகாது. அவரவர் செய்ததை அவரவர் பெயரோடு கூறுதலே நீதி.

மருத்துவ இதழாசிரியர்களின் அனைத்துலகக் குழுவினர் 1978 இல் வான்கூவர் நகரிற் கூடியது முதல் படிப்படியாக வகுத்த விதிகள் இத்திசையிலேயே செல்கின்றன. பணம் பெற்றுத் தருதல், பொதுவாக மேற்பார்வை செய்தல் ஆகியன மட்டும் ஒருவரை ஆசிரியராக்கா என்பது அவர் கொள்கை. ஆசிரியர் எனப்படுவார் கட்டுரைக்குப் பொறுப்பேற்று விடையிறுக்கவும் வேண்டும். இப்பொழுது பல இதழ்கள் பங்களிப்பைப் பதினான்கு வகையாகப் பிரித்து, யார் எதனைச் செய்தார் என்று அச்சிடுகின்றன. கருத்தை வகுத்தவர், தரவைத் திரட்டியவர், முதல் வரைவை எழுதியவர் எனத் தனித்தனியே சுட்டப்படுகின்றனர். இது பாயிர மரபுக்கு அணுக்கமானது. ஆயினும் பாட்டைப் பாடி, பொருளும் விரித்துரைத்த முதியவளுக்கு அப்பதினான்கினுள் தெளிவான இடம் ஒன்றில்லை. அவ்விடத்தை நாமே வகுத்துக்கொள்ளல் வேண்டும்.

தமிழர்க்கு மற்றுமோர் இடர் உண்டு. நம் வழக்கில் தலையெழுத்து தந்தைக்குரியது, பெயர் தனக்குரியது. பிறநாட்டு அட்டவணைகளோ இறுதியில் நிற்கும் பெயரைக் குடும்பப் பெயர் எனக் கொள்கின்றன. படிவத்தில் தந்தை பெயரை இறுதியில் எழுதிய மாணவியின் ஆராய்ச்சி, தேயிலை மலையை விட்டு வெளியேறாத அவள் தந்தையின் பெயரில் மேற்கோளாகிறது. முதற் கட்டுரை எழுதுமுன்னரே, தம் பெயரை எவ்வடிவில் எழுதுவது எனத் தீர்மானித்து, அதனை என்றும் மாற்றாது காத்தல் மாணவர்க்கு நலம் பயக்கும்.

ஆசிரிய நண்பர்களுக்கு யான் விடுக்கும் வேண்டுகோள் எளியது. மாணவரைப் பாடல் திரட்ட அனுப்பும்போது, பாடியவர் பெயர், தோட்டம், டிவிசன், நாள், பாட்டை அவர் எவரிடம் கேட்டார் என்பது ஆகிய ஐந்தையும் ஒவ்வொரு பாடலின் கீழும் எழுதச் செய்யுங்கள். பெயரை அச்சிடலாமா என்று அவரையே கேட்கச் செய்யுங்கள். வேண்டாம் என்பாராயின் அவர் விருப்பமே நிற்கட்டும். பாட்டின் பொருளை அவர் விளக்கினால், அவ்விளக்கத்தை அவர் பெயரால் கட்டுரையின் உள்ளேயே எழுதுக, நன்றியுரைக்குத் தள்ளற்க. மாணவர் திரட்டி மாணவர் எழுதியதாயின் மாணவர் பெயர் முன்னே நிற்கட்டும். வழிகாட்டியவர் வழிகாட்டியவராகவே நிற்கட்டும்.

பதவி உயர்வுக்கென அமர்ந்து தெரிவு செய்வோர்க்கும் ஒரு சொல். எண்ணுதற்கு எடுக்கும் நேரத்திற் பாதியைப் படித்தற்குக் கொடுங்கள். கட்டுரைத் தொகையைக் கேட்குமுன், அவற்றுள் மூன்றைக் கையில் எடுத்து, இதனுள் இவர் செய்தது யாது, இது எவர் வழி வந்தது என்னும் இரண்டையும் வினவுங்கள். நன்னூல் கற்ற எவரும் வினவக்கூடியவை அவை. அம்மாயிமார் பலர் இன்னும் நம்மிடையே இருக்கின்றனர். ஒவ்வோர் ஆண்டும் சிலர் குறைகின்றனர். இவ்வாண்டு விடுமுறையில் லயங்களுக்குப் போகும் மாணவரின் குறிப்புப் புத்தகத்தில் அவர்களுடைய பெயர் முழுமையாக விழுமாறு செய்வது நம் கையில் உள்ளது.